பரீட்சையும் யந்திரமும்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே சில கல் தொலைவில், பல்லவர் காலத்தில் குடைந்த பாறைக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் குன்றை அண்டிச் சிங்கவரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. நெல்லும் மணிலாவும் பயிரிட்டுப் பிழைக்கும் அந்த ஊரிலும் சரி, அதைச் சூழ்ந்த மற்றக் கிராமங்களிலும் சரி, பள்ளிக்கூடத்துப் பரீட்சை என்பது காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று வருஷத்தில் மூன்று முறை வந்துபோகும் ஒரு சடங்காகவே நெடுங்காலம் நடந்து வந்தது. செப்டம்பரில் பிள்ளை விடை எழுதுவான். விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபின், சிவப்பு மையில் ஓர் எண் ஏறிய விடைத்தாள் அவன் கைக்கு வரும். அதைத் தகப்பனாரின் கையொப்பத்துக்காக வீட்டுக்குக் கொண்டுபோய், அடியோ புகழோ கிடைத்தபின் பெட்டியின் அடியில் போட்டுவிடுவான். வகுப்பில் தான் எத்தனையாவது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். எங்கே தவறினோம், ஏன் தவறினோம், இனித் திருத்திக்கொள்வது எப்படி என்ற மூன்றும் தெரியாமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான்.

பரீட்சையில் இருவகை உண்டு. கற்றது எவ்வளவு என்று முடிவில் அளந்து தீர்ப்புச் சொல்வது ஒன்று. கற்றுக்கொண்டிருக்கும்போதே இடையிடையே சோதித்து, கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் செப்பனிட உதவுவது மற்றொன்று. 1967-ல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் பாடத்திட்டங்களை மதிப்பிடும் விஷயத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பெயரிட, பெஞ்சமின் புளூம் அப்பிரிவை மாணாக்கர் மதிப்பீட்டுக்கும் கொண்டுவந்தார். நம் பள்ளிகளில் தொகுத்தறி மதிப்பீடு, வளரறி மதிப்பீடு என்று வழங்குபவை இவையே. முன்னதற்கு வேண்டிய குணம் நடுநிலைமை. பின்னதற்கு வேண்டிய குணம் விரைவு. பிழை நேர்ந்த நேரத்துக்கும் அது பிள்ளைக்குத் தெரியவரும் நேரத்துக்கும் இடையே எத்தனை நாள் கழிகிறதோ அத்தனைக்கு அத்தனை அப்பிழை பழக்கமாக உறைந்துபோகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதில் யந்திரம் எவ்வளவு தூரம் பயன்படும், எந்த இடத்தில் அது கைவிரித்துவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரைவு நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலில் விரலால் எழுதும்போது உபாத்தியாயரோ அவருக்குத் துணையாக நின்ற சட்டாம்பிள்ளையோ பக்கத்திலேயே இருந்தார். அகரத்தின் சுழி பிசகினால் அக்கணமே மணல் கலைக்கப்பட்டு, அக்கணமே மறுபடி எழுதப்பட்டது. எண்சுவடி ஒப்பிக்கையில் தவறிய இடம், ஒப்பித்து முடிக்குமுன்பே பிடிபட்டது. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அவ்வழக்கத்தைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மூத்த மாணாக்கர் இளையவர்க்குப் பாடம் சொல்லித் திருத்தும் ஏற்பாட்டையும் செய்து, 1797-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும், அத்திண்ணையில் இடம் கிடைக்காமல் தெருவில் நின்ற குழந்தைகளையும் மறந்துவிட்டு அதைப் புகழ்வது தகாது. ஆயினும், பிழையும் திருத்தமும் ஒரே மூச்சில் நிகழ வேண்டும் என்ற தத்துவம் அங்கே நடைமுறையில் இருந்தது.

எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்ற நியாயமான கொள்கை வேரூன்றி, ஓர் ஆசிரியர் முன் நாற்பது பேர் உட்கார்ந்தபோது அத்தத்துவம் தளர்ந்தது. 1845-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹொரேஸ் மன் என்பவரின் முயற்சியால், வாய்மொழிப் பரீட்சைக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே வினாக்களை அச்சிட்டுக் கொடுத்து விடை எழுதச் செய்யும் வழக்கம் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்ற நீதி கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, மலைபோல் குவிந்த விடைத்தாள். திருத்துவோர் குறைவு, தாள்கள் மிகுதி என்ற இந்த நெருக்கடியிலிருந்துதான் யந்திரம் பள்ளிக்குள் நுழைந்தது.

முதற்படி வினாவின் உருவத்தை மாற்றியதே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி என்பவர் 1915-ஐ ஒட்டி அமைத்த வாசிப்புத் தேர்வில், கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைக் குறித்தால் போதும் என்றார். குறியைப் படிக்க யந்திரம் வேண்டுமே என்ற யோசனை, மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியராக இருந்த ரெனால்ட் ஜான்சன் என்பவருக்கு உதித்தது. பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும். வெற்றுக் காகிதம் கடத்தாது. ஆகவே, குறியிட்ட இடத்தை மின்முனைகள் தொட்டால் மெல்லிய மின்னோட்டம் பாயும், குறியிடாத இடத்தில் பாயாது. பாய்ந்த இடங்களைக் கூட்டினால் மதிப்பெண். இந்த எளிய பௌதிக உண்மையில் அமைந்த அவர் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் வாங்கி வளர்த்து, 1938-ல் விடைத்தாள் திருத்தும் யந்திரமாக வெளியிட்டது. அந்த ஜான்சனே பிற்காலத்தில் கணிப்பொறியின் வட்டுச் சேமிப்பகத்தை உருவாக்கிய குழுவுக்கும் தலைவராக இருந்தார் என்பது, ஒரு வகுப்பறைக் கவலை எவ்வளவு தூரம் போய்ச் சேரக்கூடும் என்பதற்குச் சான்று. 1950-களில் அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட், மின்னோட்டத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்தினார்: கறுத்த வட்டத்திலும் வெற்றுத் தாளிலும் பட்டு வரும் ஒளியின் அளவு வேறுபடும். இன்று நம் தேர்வு மண்டபங்களில் கறுப்பு மையால் வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளின் பூர்வீகம் இதுதான்.

எனினும், திருத்துவதில் வேகம் வந்ததேயன்றிப் பிள்ளைக்குப் பிரயோஜனம் வந்ததா? சரி, தவறு என்ற இரண்டை மட்டும் எண்ணும் யந்திரம், நாள் பல கழித்து வரும் அதே ஒற்றை எண்ணை நிமிஷத்தில் தரும், அவ்வளவே. அதை அர்த்தமுள்ளதாக்குவது வினாவின் அமைப்பு. ஓர் உதாரணத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். சரியான விடை 25. ஒருவன் 35 என்று எழுதுகிறான். அவன் என்ன செய்தான்? ஒன்றுகளின் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றும், பத்துகளின் இடத்தில் மூன்று என்றும் எழுதியிருக்கலாம். அல்லது, கடன் வாங்கிப் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழித்து ஐந்து என்று முறையாகச் செய்து, கடன் கொடுத்த ஐந்தை நான்காகக் குறைக்க மறந்து மூன்று என்று எழுதியிருக்கலாம். இருவர் விடையும் 35. ஆனால் முதலாமவனுக்குக் கடன் வாங்குதல் என்ற கருத்தே தெரியாது, இரண்டாமவனுக்கு அது தெரிந்தும் கடைசிப் படி தவறிற்று. இருவருக்கும் தர வேண்டிய பாடம் வேறு. இப்போது 52-க்குப் பதிலாக 53 என்று மாற்றுங்கள். சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவன் 34 என்பான். கடனைக் குறைக்க மறந்தவன் 36 என்பான். கூட்டல் என்று நினைத்துவிட்டவன் 80 என்பான். ஓர் எண்ணை மாற்றிய மாத்திரத்தில் நான்கு விடைகளும் நான்கு வெவ்வேறு மனப்போக்குகளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 26, 34, 36, 80 என்ற இந்நான்கையும் தெரிவுகளாக வைத்த ஒரு வினாவை வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, யார் யார் எதைத் தெரிந்தார் என்று யந்திரம் பிரித்துக்காட்டினால், ஆசிரியருக்குக் கிடைப்பது மதிப்பெண் பட்டியலுக்கு மேலான ஒன்று: நாளைக்கு யாரை எந்த வரிசையில் உட்காரவைத்து எதைச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பு.

குழந்தைகளின் கணக்குப் பிழைகள் கவனக்குறைவால் மனம்போன போக்கில் நேர்பவை என்று பெரியவர்கள் எண்ணுவது வழக்கம். 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் பிழைகளைக் கணிப்பொறி கொண்டு பகுத்தாராய்ந்து, அவற்றிற் பெரும்பகுதி ஒழுங்கானவை, பிள்ளை தானே கற்பித்துக்கொண்ட ஒரு தவறான விதியை விசுவாசமாகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். செஞ்சிப் பக்கத்து வகுப்பறையில் ஓர் ஆசிரியை, "கண்ணு, இத எப்படிப் போட்டே, சொல்லு?" என்று பரிவோடு கேட்டால், "மூணுல ஏழு போவாது டீச்சர், அதனால ஏழுல மூணு கழிச்சேன்" என்று பிள்ளை தயக்கமின்றிச் சொல்லும். அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது பேரிடமும் கேட்டுப்பெற ஆசிரியைக்கு நேரமில்லை என்பதால்தான் யந்திரத்தின் உதவி அவசியமாகிறது.

யந்திரத்தின் சாட்சியத்தை அப்படியே நம்பிவிடலாகாது என்பதற்கும் கணிதமே காரணம் காட்டும். நான்கு தெரிவுள்ள பத்து வினாக்களுக்கு ஒரு பிள்ளை வினாவைப் படிக்காமலே கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக இரண்டரை சரியாகிவிடும். ஐந்தும் அதற்கு மேலும் சரியாகிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 8. இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் எல்லாரும் இப்படிக் குறித்தாலும் இரண்டு பேர் 'தேறி'விடுவார்கள். ஒரே தேர்வின் ஒரே எண்ணைக் கொண்டு பிள்ளையின் தலையெழுத்தை நிர்ணயிப்பது எவ்வளவு அபாயம் என்பது இதனால் விளங்கும். சிறுசிறு சோதனைகளைப் பலமுறை வைத்து, அவை ஒன்றையொன்று உறுதிசெய்கின்றனவா என்று பார்ப்பதே விஞ்ஞான முறை.

இனி நம் நாட்டு நடப்புக்கு வருவோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி போல் வரிசைப்படுத்திய அட்டைகளைப் பிள்ளை தன் வேகத்தில் கடந்து, தான் நிற்கும் படியைத் தானே அறிந்துகொண்டது. மின்சாரமே தேவைப்படாத அவ்வட்டைகளும் ஒரு மதிப்பீட்டுச் சாதனமே. 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பங்கீடும் வந்தன. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பள்ளிகளை மூடிற்று. ஒன்றரை ஆண்டுக்குப்பின் திறந்தபோது, வயதால் மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய குழந்தை எழுத்தறிவால் எங்கே நிற்கிறது என்பதே எவருக்கும் புலப்படாத நிலை. 2021 அக்டோபர் 27-ல் நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 சிறுவர்களை வீடுதோறும் சோதித்த அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டது. சோதித்துப் பார்த்திராவிட்டால் இழப்பும் தெரிந்திராது, மீட்சியும் தெரிந்திராது.

அடுத்து, 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தது; பின்னர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆசிரியர் கல்வித்துறையின் செயலியைக் கைப்பேசியில் திறந்து, பிள்ளையை அருகில் அழைத்து வினாக்களைக் கேட்டுப் பதிகிறார். மூன்றாம் வகுப்பில் பெயர் உள்ள குழந்தை எழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாதிருந்தால் அது அரும்பு நிலையில் வைக்கப்பட்டு, அந்நிலைக்குரிய பயிற்சி நூலைப் பெறுகிறது. சிங்கவரத்தைப் போன்ற ஊர்களுக்கு இது மிகப் பொருந்திய ஏற்பாடு. ஏனெனில் சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துவது சர்வசாதாரணம். வகுப்புச் சுவர் ஏற்கெனவே இல்லாத இடத்தில் நிலையறிந்து பிரிப்பதே இயற்கை.

நிலையறியும் இவ்வித்தைக்குப் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கேயார்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட கருத்துப்படி, வினாவின் கடினத்தையும் மாணாக்கரின் திறமையையும் ஒரே அளவுகோலில் குறிக்கலாம். இரண்டும் சமமாக இருந்தால் விடை சரியாவதற்கும் தவறாவதற்கும் சம வாய்ப்பு. மிக எளிய வினாவைப் பிள்ளை நிச்சயம் செய்துவிடும், மிகக் கடினமானதை நிச்சயம் விட்டுவிடும். இரண்டாலும் நாம் புதிதாக அறிவது ஒன்றுமில்லை. சரியும் தவறும் சமமாக இருக்கக்கூடிய வினாவே அதிகம் சொல்லும். ஆகவே, சரியாகச் செய்தால் சற்றுக் கடினமானதையும் தவறினால் சற்று எளிதானதையும் அடுத்துக் கொடுத்துக்கொண்டே போனால், நீண்ட தாளைக் கொண்டு அறிவதைச் சில வினாக்களிலேயே யந்திரம் அறிந்துவிடுகிறது. அனுபவமுள்ள உபாத்தியாயர் வாய்மொழியாகக் கேட்கும்போது இதைத்தானே செய்கிறார்!

பிள்ளைக்கு ஒரு கைக்கணினி வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்ற வகையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைக் கட்ட உருவம் அச்சிட்ட ஓர் அட்டையைத் தரும் முறை உலகில் பல வகுப்பறைகளில் வழங்குகிறது. அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். வினாவைக் கேட்டதும் பிள்ளைகள் தாம் நினைக்கும் விடை மேல்பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் கேமராவை வகுப்பின்மேல் ஒருமுறை ஓட்டினால், உருவத்தைக் கொண்டு யார் என்பதையும், அது சாய்ந்த திசையைக் கொண்டு எந்த விடை என்பதையும் கைப்பேசி படித்துக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து எழுத இயலாது. கை தூக்கத் துணியாத குழந்தையும் விடை சொல்லிவிடும்.

வாசிப்பைச் சோதிப்பது இன்னும் நுட்பமானது. பிள்ளை உரக்கப் படிக்க, கைப்பேசி அதன் ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று அளந்து, எழுத்தொலிகளோடு பொருத்தி, சொல் சரியா என்று தீர்மானிக்கிறது. 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு 12 நாள் நடந்த வாசிப்பு மாரத்தானில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கலந்துகொண்டனர். திட்டாமல், சலிக்காமல், நூறு முறையும் கேட்கும் செவி ஒன்று கிடைப்பது சிறு காரியமன்று. ஆனால் இங்கே தமிழ் சில சோதனைகளை வைக்கிறது. ககரம் ஒன்றே 'கல்' என்பதில் வன்மையாகவும், 'தங்கம்' என்பதில் மென்மையாகவும், 'அகல்' என்பதில் இன்னும் இளகியும் ஒலிக்கிறது. குழந்தையின் குரல்நாளம் சிறியது. பெரியவர் குரல்களைக் கேட்டுப் பழகிய யந்திரம் அக்குரலில் தடுமாறும். வட மாவட்டங்களின் பேச்சில் ழகரம் யகரமாக நழுவுவது உண்டு. வீட்டில் 'பயம்' என்று பழத்தைச் சொல்லி வளர்ந்த பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று யந்திரம் முத்திரை குத்துமானால், அது வாசிப்பைச் சோதிக்கவில்லை, பிறந்த ஊரைச் சோதிக்கிறது. எது வாசிப்புப் பிழை, எது வட்டார உச்சரிப்பு என்று பிரிக்கும் விவேகம் அந்த ஊர்ப் பேச்சறிந்த ஆசிரியரிடமே இருக்கிறது.

கட்டுரையை மதிப்பிடுவதில் இவ்வபாயம் இன்னும் பெரிது. 1966-ல் எல்லிஸ் பேஜ் என்பவர் கணிப்பொறியைக் கொண்டு கட்டுரைக்கு மதிப்பெண் போடும் முயற்சியைத் தொடங்கியபோது, அது கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், காற்புள்ளிகளின் தொகை போன்ற வெளி அடையாளங்களை எண்ணியது; ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்ணோடு அது பெரிதும் ஒத்துப்போகவும் செய்தது. கருத்து இன்னதென்று அறியாமலே மதிப்பெண் பொருந்திவிடக்கூடும் என்பதுதான் இதிலுள்ள பாடம். இன்றைய செயற்கை நுண்ணறிவு அதைவிடப் பன்மடங்கு வல்லது. ஆயினும், பிள்ளை எழுதிய ஒரு வாக்கியம் நோட்ஸிலிருந்து உருப்போட்டதா, தன் வயற்காட்டைப் பார்த்து எழுதியதா என்பதை அந்த வயற்காட்டை அறிந்தவரே சொல்ல முடியும்.

இவ்வளவு சாதனங்களும் கைக்கு வந்துவிட்டால் கல்வி தானே உயர்ந்துவிடுமா? இந்தியாவிலேயே நடந்த இரு பரிசோதனைகள் நம்மை நிதானிக்கச் செய்கின்றன. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 100 கிராமப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, அவர்கள் மாணாக்கர் எங்கெங்கே தவறுகிறார்கள் என்ற விரிவான அறிக்கையைக் கொடுத்து, வகுப்புகளையும் பார்வையாளரைக் கொண்டு அவ்வப்போது பார்த்துவரச் செய்தார்கள். பார்வையாளர் இருக்கும்போது ஆசிரியர்கள் ஊக்கமாகவே நடத்தினார்கள். ஆண்டு முடிவில் அப்பள்ளிகளுக்கும் அறிக்கை பெறாத பள்ளிகளுக்கும் மாணாக்கர் மதிப்பெண்ணில் வித்தியாசம் காணப்படவில்லை. 2010-ல் வெளியான முடிவு இது. ஹரியானாவில் 2012-13-ல் 500 பள்ளிகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்விலும், தொடர் மதிப்பீட்டு முறை மட்டும் புகுந்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. அங்கேயே, நாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்த ஆரம்பப் பள்ளிகளில் இந்தி வாசிப்பு உயர்ந்தது.

செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொரப் புறப்படுமுன் சிங்கவரத்துப் பெருமாளிடம் உத்தரவு கேட்க, அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இப்பக்கத்தில் கர்ணபரம்பரையாகச் சொல்வர். குறிப்பு கிடைத்தது, மன்னன் போனான், மாண்டான். செயலை மாற்றாத குறிப்பு, எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வீணே என்பதை ஆந்திரத்து அறிக்கைகளும் அதே வகையில் காட்டுகின்றன. அரும்பு என்று பதிந்த குழந்தைக்கு மறுநாளும் மலர் நிலைப் பாடமே நடக்குமானால், பதிந்தது பதிவேட்டுக்கே உதவும்.

குறிப்பை எப்படிச் சொல்வது என்பதிலும் விஞ்ஞானம் பேசுகிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு சாராருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு சாராருக்கு எழுத்து வடிவ யோசனை மட்டும், ஒரு சாராருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. முன்னேறியவர்கள் யோசனை மட்டும் பெற்றவர்களே. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள், ஏனெனில் எண் கண்ணில் பட்டதும் யோசனையின் மேல் அவர்கள் சிரத்தை செல்லவில்லை. குளூகரும் டெனிசியும் 1996-ல் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைத் தொகுத்து, பின்னூட்டம் சராசரியில் நன்மை செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் தீமையே செய்தது என்று கண்டார்கள். பணியை விட்டு ஆளின்மேல் கவனத்தைத் திருப்பும் சொல் கெடுதி செய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நீ மக்கு' என்பது மட்டுமல்ல, 'நீ மகா புத்திசாலி' என்பதும் இவ்வகையிலேயே சேரும். கைப்பேசித் திரையில் வரிசை எண்ணும் நட்சத்திரமும் பட்டாசு வெடிக்கும் படமும் காட்டும் செயலிகளைச் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சோதிப்பதே ஒரு போதனை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த பரிசோதனையில், ஒரு பாடத்தை நான்கு முறை படித்தவர்களைவிட, ஒருமுறை படித்து மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்தவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோதோ படித்தவர்களே முந்தினார்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு படிப்பது ஏன் மறுநாளுக்கு உதவி, மறுமாதத்துக்கு உதவாமற்போகிறது என்பது இதனால் தெரியும். மதிப்பெண் பதியாத, பயமற்ற சிறு சோதனைகளை வாரந்தோறும் எளிதாக நடத்தித் தருவதே யந்திரத்தின் மிகச் சிறந்த உபயோகம் என்று சொல்லலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கடம். வருகைப் பதிவு, உதவித்தொகை, இலவசப் பொருள்கள், மதிப்பீடு என்று ஒவ்வொன்றையும் கல்வித்துறையின் 'எமிஸ்' என்ற இணையத் தகவல் தளத்தில் ஏற்றும் வேலை வகுப்பு நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பன்முறை முறையிட்டிருக்கின்றன. இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இத்துன்பம் இரட்டிப்பாகும். ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தவென்று வந்த சாதனம் அதே நேரத்தை வேறு வாசலால் எடுத்துக்கொண்டால், லாபம் மேலதிகாரியின் வரைபடத்துக்கே. அன்றியும், ஏழு வயதில் ஒரு குழந்தை எந்த நிலையில் நின்றது என்ற பதிவு பதினேழு வயது வரை அதைத் தொடர்ந்து வருதல் நியாயமா என்பதையும் யோசிக்க வேண்டும். வளரறி மதிப்பீட்டின் பதிவுகள் பிழை திருந்தியதும் அழிந்துபோகலாம்; மணலில் எழுதியதை யாரும் சேமித்து வைக்கவில்லை.

ஆகவே, பள்ளியில் ஒரு புதிய மதிப்பீட்டுச் சாதனம் வந்தால், அதன் விலையையும் வேகத்தையும் விசாரிப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது காட்டிய பிழைக்காக மறுநாள் வகுப்பில் என்ன மாறிற்று? அதற்கு ஆசிரியர் பதில் சொல்ல வேண்டுமானால், பதிவேற்றும் வேலையிலிருந்து அவரை விடுவித்து, நிலைவாரியாகப் பிள்ளைகளோடு உட்கார நாள்தோறும் ஒரு மணி நேரத்தை நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. அரசுப் பள்ளிகளில் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் கூட்டத்துக்குச் செல்பவர்கள் 'என் பிள்ளை எத்தனை மார்க்?' என்று கேட்டுத் திரும்பிவிடாமல், 'என் பிள்ளைக்கு எது வரவில்லை, அதற்கு இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று மரியாதையோடு கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்வார்களாக.